சாப்பாட்டு மேசையில் போட்ட ஓட்டு

முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். மக்களாட்சிப் பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கட்சியைப் பார்த்து ஓட்டுப் போடக்கூடாது, ஆளைப் பார்த்துப் போடவேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். அது பாடத்தில் கிடையாது. என் சொந்தச் சரக்கு. ரேஷன் கடை வரிசையிலும் தென்காசி டவுன் பஸ்ஸிலும்கூட யாராவது வாய் கொடுத்தால் விடமாட்டேன். வீட்டில் நான் இதை ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார். அவர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் குடும்பம் தாத்தா காலத்திலிருந்து ஒரே கட்சி. ஊரில் எங்கள் வீட்டை அடையாளம் சொல்லும்போதே கட்சிப் பேரைச் சேர்த்துத்தான் சொல்வார்கள்.

அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் ஒருத்தி மட்டும் விவரமானவள் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்லமுடியும்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் பாதி வழியில் பிரிந்து உள்ளே போனால் எங்கள் ஊராட்சி. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். அருவியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு, சித்திரை வைகாசியில் குழாயடியில் குடத்தை வரிசை போட்டு வைத்திருப்போம். மேல்நிலைத் தொட்டியில் மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுகிற வேலையை ஊராட்சியில் ஒரு பெண்தான் பார்த்தாள். எல்லாரும் அவளைத் தண்ணி அக்கா என்பார்கள். புருஷன் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, முதுகு ஒடிந்து வீட்டோடு கிடந்தான். இரண்டு பெண்பிள்ளைகள். சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளே தொட்டி மேல் ஏறிப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுவாள்.

அவளை நான் கவனித்ததே என் வீட்டு வாசலில் அவள் வந்து நின்ற நாளில்தான். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தோம். மெயின் ரோட்டுப் பக்கம் வசதியான வீடுகளில் பாதிப் பேர் அதைச் செய்தார்கள். கடைசித் தெருவுக்கு ஒரு குடம்கூடப் போய்ச் சேராது. வாசலில் நின்று, குரலை உயர்த்தாமல், "டீச்சர், மோட்டார எடுத்துருங்க. நீங்களே இப்படிச் செஞ்சா நான் மத்தவங்ககிட்ட போய் என்னத்தச் சொல்லுவேன்" என்றாள். என் வீட்டுக்காரர் முறைத்தார். நான் எடுக்கச் சொன்னேன். அன்றைக்குக் கூசிப்போனாலும் உள்ளுக்குள் அவள் மேல் ஒரு மதிப்பு வந்தது. ஆள் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று மறுநாளே ஸ்டாஃப் ரூமில் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எங்கள் ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

ஊராட்சித் தேர்தலில் ஒரு விசேஷம் உண்டு. கையில் நாலு சீட்டுக் கொடுப்பார்கள். மஞ்சள் சீட்டு மாவட்டக் கவுன்சிலருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு. இரண்டிலும் கட்சிச் சின்னம் இருக்கும். தலைவருக்கான ரோஸ் சீட்டிலும் வார்டு உறுப்பினர் சீட்டிலும் கட்சிச் சின்னம் இருக்காது. ஆட்டோ, பூட்டு சாவி, சீப்பு என்று எதையாவது கொடுப்பார்கள். அதாவது கீழே இருக்கிற இரண்டு பதவிக்கும் ஆளைத்தான் பார்க்கவேண்டும் என்று சட்டமே என் பக்கம் நின்றது. எந்த ஆட்டோ எந்தக் கட்சியினுடையது என்பது ஊருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன்தான் அங்கே கட்சியில் எல்லாம். பெண்களுக்கு என்று ஆனதும் தன் பெண்டாட்டியை நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டார். பாவம், அந்தப் பெண் அதுவரை ஊராட்சி ஆபீஸ் படி ஏறியதில்லை. போஸ்டரில் இவர் படம் பெரிதாகவும் அவள் படம் ஓரத்தில் சின்னதாகவும் இருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தண்ணி அக்காவைக் கூப்பிட்டு, நீ நில்லு என்றேன்.

அவள் பயந்தாள். ஊராட்சியில் சம்பளம் வாங்குகிறவர்கள் வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்கமுடியும். தோற்றால் என்ன செய்வது என்று கேட்டாள். கடைசித் தெரு முழுக்க உனக்குத்தான், குடம் தூக்குகிற பொம்பளை ஒருத்திகூட உன்னை மறக்கமாட்டாள், ஜனங்கள் ஆளைப் பார்த்துத்தான் போடுவார்கள் என்று நான்தான் தைரியம் சொன்னேன். மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளோடு வந்தாள். ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அவள் கீழே பேரை மட்டும் போட்டாள். நான் அரசாங்க ஊழியர், வெளியே வந்து ஓட்டுக் கேட்கமுடியாது, ஆனால் என் ஓட்டு உனக்குத்தான் என்றேன். "அது போதும் டீச்சர்" என்றாள்.

எனக்குத் தேர்தல் வேலை போட்டுவிட்டார்கள். வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு வாக்குச்சாவடிக்குத் தலைமை அலுவலர். தேர்தல் வேலை பார்க்கிறவர்களுக்குத் தபால் ஓட்டு. நாலு சீட்டும், ஓர் அதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கவேண்டிய உறுதிமொழிப் படிவமும், உறைகளும் பதிவுத் தபாலில் வீட்டுக்கு வந்தன.

வாக்குச்சாவடியில் மூன்று பக்கம் அட்டை மறைப்பு வைப்போம். தபால் ஓட்டுக்கு அந்த மறைப்பு கிடையாது. அவரவர் வீட்டில்தான் போடவேண்டும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை எனக்குத் தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்திருந்தது. மேசையைத் துடைத்துவிட்டுக் கவரைப் பிரித்து வைத்திருந்தேன். அந்தச் சித்தப்பா மகன், என் கொழுந்தன், வந்தார். அண்ணனைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தேன். சீட்டைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. என் மகளின் பிரசவம் எப்போது என்று விசாரித்தார். வீட்டுக்காரரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேனாவைத் தேடுகிற மாதிரி எழுந்தேன். கொழுந்தன் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினார். "இந்தாங்க மதினி, இதுல போடுங்க" என்றார்.

மஞ்சளிலும் பச்சையிலும் போட்டேன். அதில் எனக்குச் சங்கடமில்லை. வீட்டில் எல்லாரும் போடுகிற சின்னத்தைத்தான் நானும் எப்போதும் போட்டிருக்கிறேன். அடுத்தது ரோஸ் சீட்டு. அவர் காப்பியை ஆற்றிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிரட்டினார் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. அப்புறம் போட்டுக்கிடுதேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். ஒரு நிமிஷம் முகம் கொடுக்காமல் இருந்தால் போதும். அந்த ஒரு நிமிஷச் சங்கடம் எனக்கு வேண்டாம் என்றிருந்தது. கொழுந்தன் பெண்டாட்டிக்குக் கொடுத்திருந்த ஆட்டோவுக்கு நேராகக் குறி போட்டேன்.

"சந்தோஷம் மதினி" என்றார். பேனாவைத் துடைத்துப் பையில் சொருகிக்கொண்டார்.

கட்சியா ஆளா என்று ஆயுசு முழுக்கப் பேசியவள், கடைசியில் இரண்டையும் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துப் போட்டேன். முகதாட்சண்யம் என்று அதற்கு ஒரு நல்ல பேர் வைத்திருக்கிறோம். கோழைத்தனம் என்பதுதான் சரியான பேர். என் வீட்டுக்காரராவது கட்சிக்காகப் போடுகிறேன் என்று மார்தட்டிச் சொல்லிவிட்டுப் போடுகிறவர். எனக்கு அந்த யோக்கியதைகூட இல்லை.

தேர்தலன்று வாசுதேவநல்லூர் பக்கத்துச் சாவடியில் ஒரு ஆள் தன் பெண்டாட்டிக்குப் பின்னாலேயே மறைப்புக்குள் நுழையப் பார்த்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காட்டிக் கொடுக்கிறேன் என்றான். நான் எழுந்து போய், ஓட்டு ரகசியம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா என்று பத்துப் பேர் முன்னால் சத்தம் போட்டு வெளியே அனுப்பினேன். ஏஜெண்டுகள் எல்லாரும் டீச்சர் கறார் என்று பாராட்டினார்கள். அந்தப் பெண் மறைப்புக்குள் வெகுநேரம் நின்று தானாகவே முத்திரை குத்திவிட்டு வந்தாள். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

தென்காசியில் ஓட்டு எண்ணினார்கள். பத்தொன்பது ஓட்டில் தண்ணி அக்கா தோற்றாள். முதலில் எண்ணிய தபால் ஓட்டில் எங்கள் ஊராட்சிக்கு மொத்தமே மூன்று. ஆட்டோவுக்கு இரண்டு, செல்லாதது ஒன்று. அவளுடைய பூட்டு சாவிக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கு அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்துவிட்டது. மூன்று தபால் ஓட்டில் ஒன்று என்னுடையது என்று அவளுக்குத் தெரியும். பூட்டு சாவிக்கு ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மறுநாள் காலையில் வாசலில் அவள் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குள் ஒதுங்கினேன். கொல்லைப் பக்கம் போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் உள்ளே வந்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், போஸ்டல்ல ஒன்னு செல்லாமப் போயிட்டுதாம். அது உங்க ஓட்டுதான். கையெழுத்து கிய்யெழுத்து விட்டுப் போயிருக்கும். நீங்க அத நெனச்சு வருத்தப்படாதீங்க. பத்தொம்பதுல ஒன்னு கொறஞ்சாலும் பதினெட்டுல தோத்திருப்பேன், அம்புட்டுத்தான."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் வந்திருக்கிறாள். வேலையும் போய், தேர்தலிலும் தோற்று, விடிந்ததும் முதல் வேலையாக என் மனசு நோகக்கூடாது என்று வந்திருக்கிறாள். அவள் போட்ட கணக்கில் என் ஓட்டு இன்னொரு பக்கம் விழுந்திருக்க வழியே இல்லை. என் வீட்டுக்காரர் முன்னறையில் பேப்பரை விரித்தபடி உட்கார்ந்திருந்தார். பேப்பர் அசையவில்லை. நான் வாயைத் திறந்தேன். "என்னமோ, சான்றொப்பம் வாங்க மறந்துட்டேன் போலிருக்கு" என்றேன்.

அவள் போனபிறகு அவர் பேப்பரை மடித்து வைத்தார். "அவ அப்படியே நெனச்சுட்டுப் போட்டும்" என்றார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

பொய் சொன்னால் அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும். தேர்தல் வகுப்பெடுக்கிற டீச்சர் ஓட்டே செல்லவில்லையாம் என்று ஊர் முழுக்கப் பரவியது. ரேஷன் கடையில் கிண்டல், ஸ்டாஃப் ரூமில் கிண்டல். நானும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த தேர்தல் வேலைப் பயிற்சி வகுப்பில், என்னை மாதிரி சான்றொப்பத்தை மறந்துவிடாதீர்கள் என்று நானே சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். முட்டாள் என்கிற பேர் எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

கொழுந்தன் கெட்ட நிர்வாகி என்று சொல்லமாட்டேன். பெண்டாட்டி பேரில் அவர்தான் நடத்தினார். ஒன்றியத்திலும் மேலேயும் அவர் கட்சி ஆட்கள் இருந்ததால் இரண்டு தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது, விளக்கு வந்தது. கட்சி இல்லாத தண்ணி அக்காவால் இதைக் கொண்டுவந்திருக்க முடியுமா என்று வீட்டுக்காரர் கேட்பார். முடியாமலும் போயிருக்கலாம். ஆனால் அதை யோசித்து நான் ஓட்டுப் போட்டிருந்தால் இன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து வாதாடுவேன். தண்ணீர் திறந்துவிடுகிற வேலைக்குக் கட்சிக்காரப் பையன் ஒருவன் வந்தான். ஆறே மாதத்தில் மெயின் ரோட்டு வீடுகளில் மோட்டார்கள் திரும்பி வந்தன. எங்கள் வீட்டிலும் மாட்டினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

தண்ணி அக்கா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கழுவப் போனாள். சீசன் நாலு மாசம் இடுப்பொடிய வேலை, மற்ற மாசங்களில் கூப்பிட்டால் உண்டு. ஒரு ஆடியில் சாரல் நன்றாக இருந்தபோது, மதுரையிலிருந்து வந்த என் தம்பி குடும்பத்தை அருவிக்குக் கூட்டிப் போனேன். துணி மாற்ற அறை எடுத்த இடத்தில், இரண்டு கையிலும் ஈரத் துண்டும் படுக்கை விரிப்புமாக எதிரே வந்தாள். என்னைப் பார்த்ததும் துண்டையெல்லாம் கீழே வைத்துவிட்டு, மேனேஜரிடம் போய் நல்ல அறையாக மாற்றித் தரச் சொன்னாள். வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். என் தம்பி பெண்டாட்டியிடம், "எங்க டீச்சர். நான் எலெக்ஷன்ல நிக்கதுக்கு இவங்கதான் காரணம்" என்று பெருமையாகச் சொன்னாள். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அன்றைக்கு நான் அருவியில் குளிக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மறுபடியும் உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபடுகிறது. போன வாரம் ஒரு மத்தியானம் அவள் வந்தாள். வீட்டுக்காரர் தென்காசிக்குப் போயிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலைந்து வெள்ளைத் தாள். கடைசித் தெருப் பெண்கள் மறுபடியும் நிற்கச் சொல்லுகிறார்களாம். லாட்ஜில் கணக்குத் தீர்த்துக்கொண்டு வந்துவிடலாமா என்று யோசிக்கிறாளாம். மோட்டார் விஷயமாகக் கலெக்டருக்கு முதலில் ஒரு மனுக் கொடுக்கவேண்டும், அதை நான்தான் எழுதித் தரவேண்டும் என்றாள். "நீங்க எழுதுனாத்தான் டீச்சர் எனக்குக் கை ஓடும். இந்த ஊர்ல மத்த எல்லார் ஓட்டையும் நான் சந்தேகப்படுவேன். உங்க ஓட்ட மட்டும் கேக்கவே வேண்டாம்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தாளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதே மேசை. இன்னொரு தடவை என் வார்த்தையை நம்பி இருக்கிற வேலையையும் விடப்போகிறாள். நல்லவளாக ஆகிவிடலாம் என்று சொல்லவில்லை, பொறுக்கமுடியாமல்தான் சொன்னேன்.

"அன்னைக்கு என் ஓட்டு செல்லாமப் போகல. ஆட்டோவுக்குப் போட்டேன். கொழுந்தன் எதிரே உக்காந்திருந்தாரு, என்னால முடியல."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தச் செல்லாத ஓட்டு யாருது டீச்சர்?"

தெரியாது என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதை நான் யோசித்ததில்லை.

"எனக்குன்னு போட்ட யாரோ ஒருத்தங்களா இருக்கும்லா. அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை விசாரிக்கலையே. அந்த ஆறுதல இம்புட்டு நாளும் உங்ககிட்டல்லா சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள். கோபமே இல்லாமல், யாருக்கோ செய்யவேண்டிய மரியாதையைத் தவறவிட்டுவிட்ட வருத்தத்தோடு சொன்னாள்.

தாள்களைத் திரும்பக் கவருக்குள் வைத்தாள். நான் எழுதித் தருகிறேன், வைத்துவிட்டுப் போ என்றேன். என் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது. "இருக்கட்டும் டீச்சர். மூத்தவ பன்னெண்டு படிச்சிருக்காள்லா, அவ எழுதுவா. கையெழுத்து கோணலாத்தான் இருக்கும். பரவாயில்ல" என்றாள். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். குடித்தாள், தம்ளரைக் கழுவியும் வைத்தாள். போய்ட்டு வாரேன் என்று எப்போதும்போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மறுபடி நிற்கிறாளா என்று அவளும் சொல்லவில்லை, கேட்கிற உரிமை எனக்கும் இல்லை.